மாலை யார் தோளில்? விளையாட்டுக் கௌரவங்கள் குறித்த விவாதங்கள், தமிழ்நாட்டை முன்வைத்து

ஒரு விளையாட்டு வீரரை எதற்காகக் கௌரவிக்கிறோம்? அவர் வென்ற பதக்கத்துக்காகவா, ஆட்டத்துக்கு அவர் கொடுத்த ஆயுளுக்காகவா? அவரை ஆளாக்கியவருக்கு அந்தக் கௌரவத்தில் பங்கு உண்டா? உண்டென்றால், கடைசியாகக் கைபிடித்து அழைத்துச் சென்றவருக்கா, முதன்முதலில் மைதானத்தில் இறக்கிவிட்டவருக்கா?

1961இல் அர்ஜுனா விருது தொடங்கிய நாளிலிருந்து இந்தியாவில் இந்தக் கேள்விகள் ஓயவில்லை. ஒவ்வோர் ஆண்டும் பட்டியல் வெளியாகும்போது விடுபட்டவர் யார், வருந்தியவர் யார் என்பதே செய்தியாகிறது. ஆனால் அந்தச் சர்ச்சைகளுக்கு அடியில் வெவ்வேறு கொள்கைகள் மோதிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரலாறு உண்டு, ஒரு நியாயம் உண்டு, ஒரு பலவீனமும் உண்டு. அவற்றில் முதன்மையான ஐந்து நிலைப்பாடுகளை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. தமிழ்நாட்டு வீரர்களும் பயிற்சியாளர்களுமே இதற்கு முதன்மைச் சான்றுகள். தேசிய விருதுகளின் விதிகளைப் புரிந்துகொள்ள வெளி மாநில எடுத்துக்காட்டுகளும் தேவையான இடங்களில் வருகின்றன.

விருதுகள் வந்த வழி

அரசு விருதுகளுக்கு முன்பே ஊர்க் கௌரவம் இருந்தது. கோயில் கொடைக்கும் பொங்கலுக்கும் நடக்கும் கபடிப் போட்டிகளில் சுழற்கோப்பை, ரொக்கம், சில ஊர்களில் ஆட்டுக்கிடாய் என்று பரிசுகள் இன்றும் தொடர்கின்றன. சிறந்த ரைடருக்கும் சிறந்த கேட்சருக்கும் தனிப் பரிசு உண்டு. எல்லைக்கோட்டைச் சுற்றி நின்று ஆட்டத்தைப் பார்த்தவர்கள் முன்னிலையிலேயே பரிசு கொடுக்கப்படுவதால், அது தகுதியானவருக்குத்தான் போனதா என்பதில் ஊருக்குச் சந்தேகம் வருவதில்லை.

விளையாட்டைக் கற்பிப்பது ஒரு தொழிலாக உருப்பெற்றதில் சென்னைக்கு முக்கிய இடம் உண்டு. 1920இல் ஹாரி குரோ பக் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியிலிருந்து பயிற்சி பெற்ற உடற்கல்வி ஆசிரியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளுக்குச் சென்றனர். தமிழ்நாட்டில் பி.டி. வாத்தியார் என்று அழைக்கப்படும் அந்த ஆசிரியரே பெரும்பாலான வீரர்களுக்கு முதல் பயிற்சியாளர். இந்த விவாதத்தில் அவர் திரும்பத் திரும்ப வருவார்.

தேசிய விருதுகள் படிப்படியாக வந்தன. 1961இல் வீரர்களுக்கு அர்ஜுனா, 1985இல் பயிற்சியாளர்களுக்குத் துரோணாச்சார்யா, 1991-92இல் மிக உயர்ந்த விருதாகக் கேல் ரத்னா, 2002இல் வாழ்நாள் பங்களிப்புக்காகத் தியான்சந்த் விருது. அர்ஜுனாவின் முதல் பட்டியலிலேயே சதுரங்கத்தில் மானுவல் ஆரோன், டென்னிஸில் ராமநாதன் கிருஷ்ணன் உள்ளிட்ட தமிழ்நாட்டு வீரர்கள் இடம்பெற்றனர். முதல் கேல் ரத்னாவைப் பெற்றவர் விஸ்வநாதன் ஆனந்த். 2024ஆம் ஆண்டுக்கான கேல் ரத்னா, உலகச் சாம்பியன் டி. குகேஷுக்கு வந்தது.

இந்த வரிசையைப் பார்த்தாலே ஒன்று தெரிகிறது. வீரருக்கு விருது வந்து 24 ஆண்டுகள் கழித்துத்தான் பயிற்சியாளருக்கு விருது வந்தது. வாழ்நாள் உழைப்புக்கு வர 41 ஆண்டுகள் ஆயின.

முதல் நிலைப்பாடு: பதக்கமே அளவுகோல்

வென்றவருக்கே விருது என்பது எளிமையான, வலுவான நிலைப்பாடு. விளையாட்டுச் சங்கங்களின் பரிந்துரையை நம்பித் தேர்வு நடந்த காலத்தில், வேண்டியவர், வேண்டாதவர் என்ற புகார் ஓயாமல் எழுந்தது. அதற்கு மாற்றாகவே ஒலிம்பிக், உலகப் போட்டிகள், ஆசிய விளையாட்டு, காமன்வெல்த் விளையாட்டு ஆகியவற்றின் பதக்கங்களுக்குப் புள்ளிகள் வகுக்கப்பட்டன. அர்ஜுனா விருதுக்கு முந்தைய நான்கு ஆண்டுகளின் சாதனைகள் முதன்மையாகக் கணக்கில் எடுக்கப்படுகின்றன. குத்துச்சண்டை வீரர் மனோஜ் குமார் 2014இல் முதலில் விடுபட்டு, டெல்லி உயர் நீதிமன்றத்தை அணுகிய பிறகு அர்ஜுனா பெற்றார். இத்தகைய வழக்குகள், கண்ணுக்குத் தெரியும் அளவுகோல் வேண்டும் என்ற தரப்புக்கு வலுச் சேர்த்தன.

இந்த அளவுகோலால் நன்மை பெற்றவர்களில் மாற்றுத்திறனாளி வீரர்களை முதலில் சொல்ல வேண்டும். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு, 2016 ரியோ பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று அடுத்தடுத்த இரண்டு பாராலிம்பிக்குகளிலும் பதக்கத்தோடு திரும்பினார். அவருக்கு 2017இல் அர்ஜுனாவும் பத்மஸ்ரீயும், 2020இல் கேல் ரத்னாவும் கிடைத்தன. பாரிஸில் பாரா பேட்மின்டனில் பதக்கம் வென்ற துளசிமதி முருகேசன், மனிஷா ராமதாஸ், நித்யஸ்ரீ சிவன் ஆகிய மூவரும் 2024ஆம் ஆண்டுக்கான அர்ஜுனாவைப் பெற்றனர். அந்த ஆண்டின் 32 அர்ஜுனா விருதுகளில் 17 பாரா வீரர்களுக்குச் சென்றன. தேர்வாளரின் மனச்சாய்வை மட்டும் நம்பியிருந்தால் இது இத்தனை விரைவாக நடந்திருக்குமா என்பது ஐயமே.

ஆனால் பலவீனங்களும் தெளிவானவை. காயத்தால் இரண்டு ஆண்டுகளை இழந்தவருக்கு நான்காண்டுக் கணக்கு பாதகமானது. அணி ஆட்டங்களில் பதக்கம் பொதுவானது. அதில் ஒருவரின் பங்கைப் புள்ளியாக்குவது கடினம். விருதுக்கு வீரரே விண்ணப்பிக்க வேண்டிய நடைமுறையும் சிக்கலாகிறது. பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கம் வென்ற மனு பாக்கரின் பெயர் 2024 கேல் ரத்னா பரிந்துரையில் முதலில் இல்லை என்ற செய்தி வந்தபோது, விண்ணப்பத்தில் தன் பக்கம் தவறு நேர்ந்திருக்கலாம் என்று அவரே சொல்ல நேர்ந்தது. பிறகு அவருக்கு விருது கிடைத்தது. அத்தனை புகழ் பெற்றவருக்கே இந்த நிலை என்றால், கிராமத்து வீரருக்கு விண்ணப்பம் நிரப்பித் தர ஆள் வேண்டும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இந்த நிலைப்பாட்டின் கடுமையான சோதனை சாந்தி சௌந்தரராஜன். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பேரில் அந்தப் பதக்கம் பறிக்கப்பட்டது. அவர் எந்த ஊக்கமருந்தையும் உட்கொண்டவரல்லர். தன் உடலோடு ஓடியவர். அப்போதைய தமிழக அரசு அவருக்கு 15 லட்சம் ரூபாய் பரிசைக் கொடுத்தது. பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு மாநில விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளராகப் பணியும் கிடைத்தது. பதக்கம் திரும்பவில்லை. பதக்கம் மட்டுமே கௌரவத்தின் அடிப்படை என்றால், அந்த ஓட்டத்துக்கு இன்று மதிப்பே இல்லை என்றாகிவிடும். அப்படிச் சொல்ல மனச்சான்றுள்ள எவரும் துணிய மாட்டார்கள்.

இரண்டாவது நிலைப்பாடு: வாழ்நாள் பங்களிப்பு

பதக்கம் ஒரு நாளில் கிடைப்பது; அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாற்பது ஆண்டுகளைப் பார்க்க வேண்டும் என்பது இரண்டாவது தரப்பு. மில்கா சிங்குக்கு 2001இல் வாழ்நாள் பங்களிப்பின் பேரில் அர்ஜுனா அறிவிக்கப்பட்டபோது அவர் ஏற்க மறுத்தார். இளம் வீரர்களுக்கான விருதை நாற்பது ஆண்டு கழித்து மூத்தவருக்குக் கொடுப்பது பொருந்தாது என்ற உணர்வு பரவலாக எழுந்தது. அடுத்த ஆண்டே தியான்சந்த் விருது தனியாக ஏற்பட்டது. 2024 விருதுகளிலிருந்து அந்த இடத்தை 'அர்ஜுனா வாழ்நாள் விருது' எடுத்துக்கொண்டிருக்கிறது. 1972 ஹைடல்பெர்க் பாராலிம்பிக் நீச்சலில் தங்கம் வென்ற முரளிகாந்த் பெட்கர் அதைப் பெற்றவர்களில் ஒருவர். பதக்கத்துக்கும் விருதுக்கும் இடையே 52 ஆண்டுகள்.

இந்தத் தரப்பின் வலிமை, ஆட்டத்தைக் கட்டி எழுப்பியவர்களை அது காணவைப்பதில் இருக்கிறது. மானுவல் ஆரோன் 1961இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். அர்ஜுனா அவருக்கு ஆட்டக்காரர் என்ற முறையில் வந்தது. ஆனால் சென்னைச் சதுரங்கத்துக்கு அவர் செய்ததில் பாதி, பலகைக்கு வெளியே நடந்தது. 1972இல் சென்னை சோவியத் பண்பாட்டு மையத்தில் தொடங்கிய தால் சதுரங்க மன்றத்தில் அவர் பங்கு பெரிது. ரஷ்யப் புத்தகங்களும் இதழ்களும் கிடைத்த அந்த இடத்துக்குச் சிறுவன் ஆனந்த் வந்து ஆடினார். ஒரு மன்றத்தை நடத்துவது, சிறுவர்களுக்குப் பலகையைத் திறந்து வைப்பது, பத்தி எழுதுவது போன்ற வேலைகளை எந்தப் புள்ளிப் பட்டியலும் அளக்காது.

பலவீனம் காலதாமதம். பி.டி. உஷாவின் பயிற்சியாளர் ஓ.எம். நம்பியார், 1985இல் துரோணாச்சார்யாவின் முதல் பட்டியலில் இருந்தவர். அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது 2021 ஜனவரியில். அவ்வாண்டு ஆகஸ்டில் அவர் மறைந்தார். அவருடைய மாணவி அந்த விருதை எண்பதுகளிலேயே பெற்றுவிட்டார். இன்னொரு குறையும் சுட்டப்படுகிறது. 'வாழ்நாள் பங்களிப்பு' என்பதற்குத் திட்டமான வரையறை இல்லாததால், உரிய வயதில் விடுபட்டவர்களுக்கான ஆறுதலாக இந்த விருது சுருங்கும் ஆபத்து உண்டு.

மூன்றாவது நிலைப்பாடு: உருவாக்கியவருக்கே முதல் மரியாதை

இந்த விவாதத்தின் மிகச் சிக்கலான பகுதி பயிற்சியாளர் பற்றியது. பயிற்சியாளர் இல்லாமல் வீரர் இல்லை என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஒப்புதல் தொகையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்கலாம். 2020இல் விருதுத் தொகைகள் உயர்த்தப்பட்டபோது அர்ஜுனாவுக்கு 15 லட்சமும் வழக்கமான துரோணாச்சார்யாவுக்கு 10 லட்சமும் வகுக்கப்பட்டன. 2024 சதுரங்க ஒலிம்பியாட் தங்கத்துக்குப் பிறகு தமிழக அரசு குகேஷ், பிரக்ஞானந்தா, வைஷாலி மூவருக்கும் தலா 25 லட்சம் கொடுத்தது. அணியின் ஆடாத கேப்டனான ஸ்ரீநாத் நாராயணனுக்கு 15 லட்சம். வழிநடத்தியவரையும் மேடையில் ஏற்றியது பாராட்டத்தக்கது. இரண்டு கணக்கிலும் பயிற்சியாளரின் பங்கு வீரருடையதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டுக்குள் நிற்கிறது. இது திட்டமிட்ட கொள்கை என்று சொல்ல முடியாது. பழகிப்போன மனப்பான்மை என்று கொள்ளலாம்.

அடுத்த கேள்வி: எந்தப் பயிற்சியாளர்? குகேஷின் வரிசையை எடுத்துக்கொள்வோம். ஏழு வயதில் பள்ளியில் பாஸ்கரிடம் காய் நகர்த்தக் கற்றார். பின்னர் விஷ்ணு பிரசன்னாவிடம் நீண்ட காலப் பயிற்சி. அதன் பிறகு ஆனந்தின் வழிகாட்டல். 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரனை வென்றபோது குழுவில் போலந்தின் கஜேவ்ஸ்கி, மன உறுதிப் பயிற்சிக்குப் பாடி அப்டன். இவர்களில் ஒருவரை எடுத்துவிட்டால் கதை மாறியிருக்கும். ஒரு விருதை யாருக்குக் கொடுப்பது?

வைஷாலி, பிரக்ஞானந்தாவின் பயிற்சியாளர் ஆர்.பி. ரமேஷுக்கு 2023ஆம் ஆண்டுக்கான துரோணாச்சார்யா கிடைத்தது. கிராண்ட்மாஸ்டராக இருந்த அவர், சொந்த ஆட்டத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, மனைவி ஆர்த்தி ராமசாமியுடன் 2008இல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவரிடமிருந்து பல கிராண்ட்மாஸ்டர்கள் வந்திருக்கிறார்கள். அந்த விருது முற்றிலும் பொருத்தமானது. ஆனாலும் அந்த அக்கா தம்பிக்கு அவருக்கு முன்பே தியாகராஜன் என்ற பயிற்சியாளர் இருந்தார் என்பதை விருதுக் குறிப்பிலிருந்து அறிய முடியாது.

வீடே பயிற்சிக்கூடமாக இருக்கும் நிலை இன்னொன்று. ராமநாதன் கிருஷ்ணனைப் பயிற்றுவித்தவர் தந்தை டி.கே. ராமநாதன். மகன் 1960, 1961 ஆண்டுகளில் விம்பிள்டன் அரையிறுதி வரை சென்றபோது பயிற்சியாளருக்கென்று தேசிய விருதே இல்லை. மேசைப்பந்தில் சரத் கமலை வளர்த்த தந்தை ஏ. ஸ்ரீனிவாச ராவ் 2018இல் துரோணாச்சார்யா பெற்றார். துளசிமதிக்கு முதலில் மட்டையைக் கொடுத்தவரும் தந்தைதான். ஆனந்துக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர் தாயார் சுசீலா. தாய்மார்களின் இந்தப் பங்கு எந்த விருது வகையிலும் அடங்கவில்லை. பயிற்சியாளர் விருது பெற்றவர்களிலும் பெண்கள் மிகக் குறைவு.

சில வேளைகளில் வீரர்களே இந்தக் குறையை ஈடுசெய்கிறார்கள். சேலம் சின்னப்பம்பட்டியின் கிரிக்கெட் வீரர் டி. நடராஜன், தன்னைக் கண்டெடுத்து வளர்த்த ஊர் அண்ணனின் பெயரெழுத்துகளைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். அவரோடு சேர்ந்து சொந்த ஊரில் பயிற்சிக் கழகமும் தொடங்கினார். அரசு ஆணையில் வராத ஒரு பெயரை ஒரு வீரர் ஊரறியச் செய்த விதம் இது.

ஒன்றிய அரசின் ரொக்கப் பரிசுத் திட்டத்தில், பயிற்சியாளருக்கான தொகையை அடிமட்டம், வளர்நிலை, உச்சநிலை என்று பகிர்ந்தளிக்கும் ஏற்பாடு வந்திருக்கிறது. இது சரியான திசை. ஆனால் பத்தாண்டுக்கு முன் ஒரு மாணவியை முதலில் ஓடவைத்தவர் நான்தான் என்பதற்கு ஒரு பி.டி. வாத்தியார் என்ன ஆதாரம் காட்டுவார்? பலர் உரிமை கோரினால் யார் தீர்ப்புச் சொல்வது? மாநில முதலமைச்சர் விருதுகளில் உடற்கல்வி ஆசிரியருக்கு இடம் இருப்பது ஓரளவு ஆறுதல்.

நான்காவது நிலைப்பாடு: எல்லா ஆட்டமும் சமமா?

ஒலிம்பிக், ஆசிய விளையாட்டுப் பட்டியலில் இருக்கும் ஆட்டங்களுக்கே முன்னுரிமை என்பது அரசின் நடைமுறை. நிதி குறைவு, ஆட்டங்கள் பல, சர்வதேசப் போட்டியின் தரம் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடுகிறது என்பன அதற்கான நியாயங்கள். எதிர்த் தரப்போ, மக்கள் ஆடும் ஆட்டத்தை எங்கோ இருக்கும் ஒரு சர்வதேசக் குழுவின் பட்டியல் தீர்மானிக்கக் கூடாது என்கிறது.

கபடி இதற்கு நல்ல சான்று. 1990 பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் அது பதக்க ஆட்டமானது. அதன் பிறகே கபடி வீரருக்கு அர்ஜுனா வரை போகும் பாதை அகலமானது. 1994 ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற அணியில் இருந்த தூத்துக்குடி மாவட்டத்தின் மணத்தி கணேசன் அர்ஜுனா பெற்றார். பட்டியலில் இடம்பெறும் முன் அதே ஊர்களில், அதே மண்ணில், அதே திறமையோடு ஆடியவர்களில் பலருக்கு ஊர்க் கோப்பையே எல்லையாக இருந்தது.

கேரம் நிலை வேறு. சென்னையின் மரிய இருதயம் 1991, 1995 ஆண்டுகளில் உலகச் சாம்பியன். கேரமுக்கு அர்ஜுனா பெற்ற முதல் வீரர். வடசென்னையின் தெருமுனை மன்றங்களிலிருந்து உலகச் சாம்பியன்கள் தொடர்ந்து வருகிறார்கள். வியாசர்பாடியின் இளவழகி 2008இல் உலகப் பட்டம் வென்றார். 2024 உலகப் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவுக்குத் தமிழக அரசு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. தேசியப் புள்ளிக் கணக்கில் எடை குறைந்த ஆட்டத்துக்கு மாநில அரசு தன் அளவுகோலால் மதிப்பளித்தது. சிலம்பம், தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில் காட்சி ஆட்டமாகச் சேர்ந்தது.

இந்தத் தரப்பின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். சில ஆட்டங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள், ஒவ்வொன்றும் 'உலகப் போட்டி' நடத்திச் சான்றிதழ் வழங்கும் நிலை இருக்கிறது. எல்லாவற்றையும் சமமாக மதித்தால், உண்மையான சாம்பியனின் உழைப்பு போலிச் சான்றிதழ்களுக்கு நடுவே மங்கிவிடும்.

ஐந்தாவது நிலைப்பாடு: கௌரவமா, பிழைப்பா?

மேடையில் போர்த்தும் பொன்னாடை அடுப்பெரிக்க உதவாது. வீரருக்கு வேண்டியது வேலையும் ஓய்வூதியமும் என்பது ஐந்தாவது தரப்பு. தமிழ்நாட்டில் அரசுப் பணிகளில் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. 2023இல் தொடங்கிய தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை, பயணத்துக்கும் கருவிகளுக்கும் உதவுகிறது. நலிந்த நிலையிலுள்ள முன்னாள் வீரர்களுக்கு மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியத் திட்டமும் உள்ளது. வறிய குடும்பத்துப் பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோர் முதலில் கேட்பது 'கோட்டாவில் வேலை கிடைக்குமா' என்பதுதான். அந்தக் கேள்வியைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமை இல்லை.

ஆயினும் இந்த நிலைப்பாடு முழுமையானதன்று. வேலைக்கும் பெரும்பாலும் பதக்கச் சான்றிதழே நுழைவுச்சீட்டு; எனவே முதல் நிலைப்பாட்டின் குறைகள் இங்கும் தொடர்கின்றன. ஓய்வூதியத்துக்கு நலிவை நிரூபிக்க வேண்டியிருப்பதால், அது சாதனைக்கான மதிப்பாக இல்லாமல் வறுமைக்கான உதவியாக உணரப்படுகிறது. ஒரு முன்னாள் வீரர் இரண்டையும் வேறுபடுத்தியே பார்க்கிறார்.

மதிப்பீடு: தெளிந்தவையும் எஞ்சியவையும்

ஐந்து நிலைப்பாடுகளில் எதையும் தனியாக ஏற்க முடியவில்லை. எதையும் முழுதாகத் தள்ளவும் முடியவில்லை. ஓரளவு தெளிவாகச் சொல்லக்கூடியவை இவை. பதக்கப் புள்ளி முறை சலுகையைக் குறைத்திருக்கிறது. குறிப்பாக மாற்றுத்திறனாளி வீரர்களுக்கு உரிய இடத்தைப் பெற்றுத் தந்திருக்கிறது. அதைக் கைவிடுவது பின்னடைவாகும். ஆனால் அந்த முறை ஒரு பயணத்தின் கடைசிப் படியை மட்டுமே அளக்கிறது. அதனால் நம் கௌரவ அமைப்பு முழுவதும் முடிவை நோக்கிச் சாய்ந்திருக்கிறது. தொடக்கத்தில் நின்றவர்களுக்கு, அதாவது பள்ளி ஆசிரியருக்கும் ஊர்ப் பயிற்சியாளருக்கும் மன்றம் நடத்தியவருக்கும் பெற்றோருக்கும், அதில் மிகக் குறைந்த இடமே உள்ளது. இந்தச் சாய்வைத் திருத்துவதே அடுத்த கட்டப் பணி என்பது இக்கட்டுரையின் முடிவு.

அதற்குப் பெரிய செலவு தேவைப்படாது. ஒரு மாணவர் முதல் மாவட்டப் போட்டிக்குப் பதிவு செய்யும்போதே பயிற்சியாளரின் பெயரையும் பதிந்து, அடுத்தடுத்த கட்டங்களில் அந்தப் பதிவைத் தொடர்ந்தால், பின்னாளில் எழும் உரிமைச் சிக்கல்களில் பெரும்பகுதி குறையக்கூடும். விருது பெறுபவர்கள் விண்ணப்பிக்காமலேயே தேர்வாகும் ஒரு வழியும் வேண்டும். மாநில விருதுகள் தேசியப் பட்டியலை அப்படியே பின்பற்றாமல் கேரம், சிலம்பம் போன்றவற்றுக்குத் தனி அளவுகோல் வகுத்தால், தேசிய விருதுகள் விட்ட இடைவெளியை நிரப்ப முடியும்.

சில கேள்விகளுக்கு இன்னும் விடையில்லை. பலர் சேர்ந்து உருவாக்கிய ஒரு சாம்பியனில் ஒவ்வொருவரின் பங்கையும் எப்படிப் பிரிப்பது? ஒரே ஆட்டத்துக்குப் பல சங்கங்கள் இருக்கும்போது எந்தச் சாம்பியனை அரசு ஏற்பது? சாந்தியைப் போல, தவறேதும் செய்யாமல் பதக்கம் இழந்தவருக்கு எந்தப் பெயரில் விருது கொடுப்பது? முதல் இரண்டுக்கும் நல்ல விதிகளால் ஓரளவு விடை காணலாம். மூன்றாவதற்கு இன்றைய விதிப்புத்தகத்தில் இடமே இல்லை. அதற்கு இடம் உண்டாக்கத் துணியும் மாநிலம், கௌரவம் என்பதன் பொருளை மற்றவற்றைவிட ஒரு படி ஆழமாகப் புரிந்துகொண்டதாகக் கருதலாம்.